மீதி எங்கே போகிறது?

கேட்டவரின் கேள்வி இது: 0.9, 0.99, 0.999 என்று எத்தனை ஒன்பதுகளைச் சேர்த்தாலும் 1 வராது. எப்போதும் கொஞ்சம் குறையும். அப்படியிருக்க, 0.999… என்று புள்ளி வைத்துவிட்டு அதை 1க்குச் சமம் என்று எழுதுவது, முடியாத வேலையை முடிந்துவிட்டதாகச் சொல்லும் ஏமாற்று இல்லையா? கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: மனிதனால் முடிவுள்ள எண்ணிக்கையிலான படிகளை மட்டுமே செய்ய முடியும், அவன் முடிவிலியைப் பற்றி எதையாவது உறுதியாகச் சொல்ல முடியுமா?

தசமத்தைப் பற்றிய சந்தேகம் போலத் தோன்றினாலும், இதற்கு அடியில் இருக்கும் கேள்வி வேறு. ஒவ்வொரு படியிலும் உண்மையாக இருக்கும் ஒன்று, எல்லாப் படிகளையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும்போதும் உண்மையாக இருக்க வேண்டாமா? ஒவ்வொரு படியிலும் 1க்குக் குறைவு என்றால், மொத்தத்திலும் 1க்குக் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? கல்லூரியில் 27 ஆண்டுகளாகப் பகுப்பாய்வு (முடிவில்லாத தொடர்களையும் எல்லைகளையும் ஆராயும் கணிதப் பிரிவு) கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது இதைக் கேட்டுவிடுவார். கேட்காத ஆண்டில்தான் எனக்குக் கவலை வரும். எல்லை (limit), அதாவது படிகள் நெருங்கிக்கொண்டே போகும் எண், என்பதை யாரும் உண்மையாக யோசிக்கவில்லை என்று பொருள்.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, நீள்வகுத்தல் முறையில் 1ஐ 1ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவில் 1 என்று போட்டால் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். அப்படிச் செய்யாமல், பிடிவாதமாக 0 போடுங்கள். மீதி 1. பூஜ்யத்தை இறக்கினால் 10. ஈவில் ஓரிலக்கம்தான் போடலாம் என்பதால் 9 போடுங்கள், மீதி 1. மறுபடி பூஜ்யத்தை இறக்குங்கள், 9 போடுங்கள், மீதி 1. மேலே ஈவில் 0.999 வளர்ந்துகொண்டே போகிறது; கீழே அதே 1 விடாமல் வந்து நிற்கிறது. நீங்கள் சொல்லும் அந்தக் "கொஞ்சம்" இதுதான். ஆனால் அந்த 1 எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். முதல் ஒன்பதுக்குப் பிறகு அதன் மதிப்பு பத்தில் ஒன்று, இரண்டாவதுக்குப் பிறகு நூறில் ஒன்று, ஆறாவதுக்குப் பிறகு பத்து லட்சத்தில் ஒன்று. 1 = 0.999999 + 0.000001 என்பது தோராயம் அல்ல, துல்லியமான சமன்பாடு. எந்தப் படியில் நிறுத்தினாலும் இப்படியொரு துல்லியமான சமன்பாடு கிடைக்கும்.

முடிவிலி பற்றிக் கணிதம் பேசுவதில் பெரும்பகுதி இந்த மீதிக் கணக்குதான். 0.999… என்று எழுதும்போது யாரோ எல்லா ஒன்பதுகளையும் எழுதி முடித்துவிட்டதாக நாங்கள் சொல்வதில்லை. எவ்வளவு சிறிய அளவை நீங்கள் சொன்னாலும், ஒரு குறிப்பிட்ட படிக்குப் பிறகு ஓர் எண்ணை எட்ட மிஞ்சும் மீதி அதைவிடச் சிறியதாகி, அதற்குப் பிறகும் அப்படியே இருக்கும் என்றால், அந்த எண்தான் எல்லை. இது வரையறை. நீங்கள் கோடியில் ஒன்று என்றால் நான் எட்டு ஒன்பதுகள் என்பேன். நீங்கள் இன்னும் சிறிதாகச் சொன்னால் நான் இன்னும் சில ஒன்பதுகளைச் சேர்ப்பேன். இந்தப் பேச்சுவார்த்தையில் முடிவிலி என்ற இடத்துக்கு யாரும் போகவில்லை. முடிவுள்ள படிகளைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் அவை அனைத்தையும் பற்றிப் பேசுகிறோம்.

"வரையறைதானே, வேறு மாதிரி வரையறுத்தால்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 0.999… ஒரு மெய்யெண் என்றும் அது 1க்குக் குறைவு என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பூஜ்யத்தைவிடப் பெரியது. ஆனால் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என எல்லாவற்றையும்விடச் சிறியது. மெய்யெண்களில் அப்படிப்பட்ட எண் கிடையாது. ஆகவே மெய்யெண்களுக்குள் இது சந்தேகத்துக்கு இடமில்லாத முடிவு. 1960களில் ஆபிரகாம் ராபின்சன் நுண்ணிய அளவுகளையும் எண்களாக ஏற்கும் ஓர் அமைப்பை முறையாகக் கட்டினார். அங்கே 1க்கு மிக மிக அருகில், ஆனால் 1க்குக் குறைவாக எண்கள் உண்டு. அங்கும், எல்லா இடங்களிலும் ஒன்பது கொண்ட தசமம் 1க்குச் சமம்தான். உங்கள் உள்ளுணர்வு தேடுவது அந்த வேறு எண்களை. அவற்றைத் தேடுவதில் தவறில்லை, 0.999… என்பது அவற்றின் பெயர் அல்ல, அவ்வளவுதான்.

உங்கள் மனக்குறை பழையது, மதிப்புக்குரியதும்கூட. 1734இல் ஆயர் ஜார்ஜ் பெர்க்லி, நியூட்டனைப் பின்பற்றியவர்களிடம் ஏறத்தாழ இதையே கேட்டார்: ஒரு சிறு அளவைப் பூஜ்யம் இல்லை என்று வைத்து வகுக்கிறீர்கள், பிறகு பூஜ்யம் என்று சொல்லித் தள்ளிவிடுகிறீர்கள், இரண்டில் எது? அவருக்கு நேரான பதில் கிடைக்க, கோஷி, வையர்ஸ்ட்ராஸ் ஆகியோர் எல்லையைக் கறாராக வரையறுத்த 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் மீதியைக் கையில் பிடித்துக்கொண்டு முடிவிலியைத் தொடும் கலை அதைவிட மிகப் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிரக்கூஸில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ், பரவளையத்தை ஒரு நாண் வெட்டும்போது கிடைக்கும் பரப்பைக் கணக்கிட்டார். உள்ளே ஒரு முக்கோணம். அதன் பரப்பு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் இரு ஓரங்களில் இரண்டு முக்கோணங்கள், சேர்ந்து கால். அடுத்து நான்கு, சேர்ந்து பதினாறில் ஒன்று. இன்று நாம் 1 + 1/4 + 1/16 + … என்று புள்ளி வைத்து 4/3 என்று எழுதிவிடுவோம். அவர் புள்ளி வைக்கவில்லை. எந்த இடத்தில் நிறுத்தினாலும், கடைசித் துண்டின் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் மிகச் சரியாக 4/3 வரும் என்று காட்டினார். 1 + 1/4 + 1/16 + 1/64, அதோடு 1/192: கூட்டிப் பாருங்கள், 4/3. பிறகு, பரப்பு 4/3ஐவிடப் பெரிது என்று கொண்டாலும் முரண்பாடு, சிறிது என்று கொண்டாலும் முரண்பாடு என்று நிறுவி முடித்தார். முடிவில்லாத கூட்டல் ஒன்றைக்கூடச் செய்யாமல் முடிவில்லாத கூட்டலின் விடையைச் சொன்ன நிரூபணம் அது. நான் வகுப்பில் எல்லையைத் தொடங்குவது இந்த 1/192இலிருந்துதான்.

கேரளத்தில் நடந்தது எனக்கு இன்னும் வியப்பானது. சங்கமகிராமத்து மாதவர், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். 1 − 1/3 + 1/5 − 1/7 + … என்ற தொடர் பை (π) என்ற எண்ணின் கால் பங்கு என்பதை அவர் பெயரால்தான் அவருடைய மரபினர் சொல்கிறார்கள். 1530ஐ ஒட்டி ஜேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷாவில் இதற்கான விளக்கம் படிப்படியாக இருக்கிறது. இந்தத் தொடர் அழகானது, ஆனால் நடைமுறைக்கு உதவாத அளவுக்கு மெதுவானது. முதல் ஐந்து உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் 3.3397 வருகிறது. தேவை 3.1416. இரண்டு தசம இடம் சரியாக வருவதற்கே நூற்றுக்கணக்கான உறுப்புகளைக் கூட்ட வேண்டும்.

மாதவர் மரபினர் கூட்டிக்கொண்டே போகவில்லை. நிறுத்திய இடத்தில் மீதி எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்கள். அதற்கு மூன்று திருத்தங்களைத் தந்தார்கள். ஒவ்வொன்றும் முன்னதைவிட நுட்பமானது. மூன்றாவதை இங்கேயே போட்டுப் பார்க்கலாம். கூட்டிய உறுப்புகள் ஐந்து. அதன் வர்க்கம் 25. ஒன்றைக் கூட்டினால் 26. வர்க்கத்தை நான்கால் பெருக்கி 5ஐக் கூட்டினால் 105 (இங்கே கூட்டும் 5 எப்போதும் மாறாதது). அதை உறுப்புகளின் எண்ணிக்கையால், அதாவது ஐந்தால், பெருக்கினால் 525. திருத்தம் 26/525. ஐந்து உறுப்புகளின் கூட்டுத்தொகை 0.834921, கடைசி உறுப்பு கூட்டல் குறியோடு வந்ததால் திருத்தத்தைக் கழிக்க வேண்டும். 0.785397 கிடைக்கிறது. நான்கால் பெருக்கினால் 3.141587. உண்மையான மதிப்பு 3.141593. ஒரு தாளின் கால் பக்கத்தில் முடிந்துவிடும் இந்த வேலையின் துல்லியத்தை, திருத்தம் இல்லாமல் வெறும் கூட்டலால் பெற வேண்டுமானால் 1,80,000க்கும் மேற்பட்ட உறுப்புகள் தேவை. ஐம்பது உறுப்புகளும் இதே திருத்தமும் போதும், பை 11 தசம இடங்களுக்குச் சரியாக வந்துவிடும். முடிவில்லாத ஒன்றைப் பற்றி முடிவுள்ள மனிதன் எப்படி அறிவான் என்று கேட்டீர்கள். இப்படித்தான்: தான் விட்டுவிட்டதை அளந்து.

இனி உங்கள் உள்ளுணர்வு சரியாக எச்சரிக்கும் இடத்துக்கு வருகிறேன். மீதி எப்போதும் கரைந்துவிடும் என்று நம்பக் கூடாது. ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரையுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் படிக்கட்டு போல ஒரு கோடு போடுங்கள். குறுக்கே 10 சென்டிமீட்டர், கீழே 10 சென்டிமீட்டர், இப்படிப் பத்துப் படிகள். கோட்டின் மொத்த நீளம் 2 மீட்டர். படிகளை ஒரு மில்லிமீட்டராகச் சுருக்கி ஆயிரம் படிகளாக்குங்கள்; நீளம் அப்போதும் 2 மீட்டர். எட்ட நின்று பார்ப்பவருக்கு அது மூலைவிட்டமாகவே தெரியும். எந்த இடத்திலும் மூலைவிட்டத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட விலகுவதில்லை. ஆனால் மூலைவிட்டத்தின் நீளம் √2, அதாவது 1.414 மீட்டர். 58 சென்டிமீட்டருக்கும் அதிகமான வித்தியாசம் பத்துப் படியிலும் இருந்தது, ஆயிரத்திலும் இருக்கிறது, கோடியிலும் இருக்கும். கோட்டின் இடம் மூலைவிட்டத்தை நெருங்குகிறது. அதன் திசை நெருங்கவில்லை. படிக்கட்டு எப்போதும் குறுக்கே போகும் அல்லது கீழே போகும், சாய்வாக ஒருபோதும் போகாது. நீளம் திசையைப் பொறுத்தது. அதனால் ஒன்றின் எல்லை மற்றொன்றுக்கும் எல்லையாக அமையவில்லை.

ஆக, உங்கள் அடிப்படைக் கேள்விக்கு விடை: இல்லை, ஒவ்வொரு படியிலும் உண்மையாக இருப்பது எல்லையிலும் உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "1க்குக் குறைவு" என்ற பண்பு எல்லையைத் தாண்டி வருவதில்லை. "1ஐவிடப் பெரிதல்ல" என்ற பண்பு வரும். "நீளம் 2 மீட்டர்" என்ற பண்பு வருவதில்லை. எது வரும், எது வராது என்பதை ஒவ்வொரு முறையும் தனியாக நிறுவ வேண்டும். பகுப்பாய்வுப் பாடத்தின் பாதி அதுதான்.

கணினியில் கூட்டிப் பார்த்து முடிவு செய்யலாமே என்பவர்களுக்கு 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற தொடரைக் காட்டுவேன். பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டினால் 14.39 வருகிறது. அந்த வேகத்தைப் பார்த்தால் 15இலோ 20இலோ நின்றுவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நிற்காது; எந்த எண்ணையும் தாண்டும். மூன்றாவது, நான்காவது உறுப்புகள் சேர்ந்து அரைக்குக் குறையாது. அடுத்த நான்கு சேர்ந்து அரைக்குக் குறையாது. அடுத்த எட்டும் அப்படியே. 14ஆம் நூற்றாண்டில் நிக்கோல் ஓரெம் தந்த இந்த மூன்று வரி வாதம் செய்வதை எந்தக் கணினியும் கூட்டிக் கூட்டிச் செய்துவிட முடியாது.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது 1 + 2 + 3 + … = −1/12 என்று எடுத்துவருவார்கள்; ராமானுஜன் 1913இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதியதில் அது இருந்தது என்பதால் நம்மிடையே அதற்குத் தனி மதிப்பு உண்டு. அது ஆழமான, சரியான கணிதம். ஆனால் அங்கே சமக் குறிக்கு வேறு பொருள். 1, 3, 6, 10 என்று வளரும் கூட்டுத்தொகைகள் எதையும் நெருங்கவில்லை. மீதிக் கணக்கை விட்டுவிட்டு, கூட்டுத்தொகை என்ற சொல்லையே ஒரு குறிப்பிட்ட முறையில் விரித்த பிறகுதான் −1/12 வருகிறது. பொருள் மாறியதைச் சொல்லாமல் மேடையில் வித்தை காட்டுவதுபோல் அதைச் சொல்பவர்கள் ராமானுஜனுக்கு மதிப்புச் சேர்ப்பதில்லை.

உறுதியான பகுதி இதுவரை சொன்னது. இனி அப்படியல்லாதது. 1954இல் ஜேம்ஸ் தாம்சன் என்ற தத்துவ அறிஞர் ஒரு விளக்கைக் கற்பனை செய்தார். ஒரு நிமிடம் எரியவிட்டு அணைக்கிறோம், அரை நிமிடத்தில் மறுபடி ஏற்றுகிறோம், கால் நிமிடத்தில் அணைக்கிறோம், இப்படியே. இரண்டாவது நிமிடம் முடியும் கணத்தில் விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா? நேரத்துக்கு மீதி இருக்கிறது, அது கரைகிறது; 1 + 1/2 + 1/4 + … = 2 என்பதில் பிரச்சினை இல்லை. விளக்கின் நிலைக்கு அப்படியொரு மீதி கிடையாது. எரிகிறது, அணைகிறது என்று மாறிக்கொண்டே இருப்பதற்கு எல்லை இல்லை. 1962இல் பால் பெனாசெராஃப் தந்த பதிலையே நான் ஏற்கிறேன்: இரண்டு நிமிடத்துக்கு முந்தைய கணங்களைப் பற்றி மட்டுமே விதி சொல்லியிருக்கிறது, இரண்டாவது நிமிடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அதனால் எந்த விடையும் அந்த விதிக்கு முரணாகாது. ஆனால் இது என் சார்பு. முடிவில்லாத எண்ணிக்கையிலான செயல்களைச் செய்து முடிப்பது பொருளுள்ள பேச்சா என்பதில் தத்துவவாதிகள் இன்றும் ஒன்றுபடவில்லை. பழங்காலக் கிரேக்கத் தத்துவவாதி எலியாவின் ஜீனோ கேட்டதிலும் இதே நிலைதான் என்று நினைக்கிறேன்: பாதி, பாதியில் பாதி என்று கூட்டினால் முழுத் தூரமும் வரும் என்ற கணக்கை எல்லை தீர்த்துவிட்டது, காலமும் இடமும் உண்மையில் அப்படி முடிவில்லாமல் பகுபடுமா என்பதைக் கணிதம் தனியாகத் தீர்க்க முடியாது.

கடைசியாக, உங்கள் இரண்டாவது கேள்வியைத் தலைகீழாகப் பார்க்க வைக்கும் ஒன்று. முடிவுள்ள படிகளால் முடிவிலியை அறிவதைப் பார்த்தோம். முடிவுள்ள ஒரு செயல் முடியும் என்று அறிவதற்கே முடிவிலி தேவைப்படும் இடமும் உண்டு. 1944இல் ரூபன் குட்ஸ்டைன் எழுதியது. 4ஐ 2² என்று எழுதுங்கள். எல்லா 2களையும் 3 ஆக்குங்கள், அடுக்கில் உள்ளதையும் சேர்த்து; 3³ = 27. ஒன்றைக் கழியுங்கள்: 26. இதை மூன்றின் அடுக்குகளில் எழுதினால் 2×3² + 2×3 + 2. 3களை 4 ஆக்கி ஒன்றைக் கழித்தால் 41. அடுத்து 4களை 5 ஆக்கி ஒன்றைக் கழித்தால் 60. பிறகு 83, 109. ஒவ்வொரு முறையும் கழிப்பது வெறும் ஒன்று. மாற்றத்தால் ஏறுவதோ அதைவிட மிக அதிகம். ஆனாலும் இந்த வரிசை ஒரு நாள் பூஜ்யத்தில் வந்து முடியும். அதற்கு ஆகும் படிகளின் எண்ணிக்கையை எழுதவே 12 கோடியே 12 லட்சம் இலக்கங்களுக்கு மேல் வேண்டும்.

ஏன் முடியும் என்பதைக் கெழுக்களை, அதாவது அடுக்குகளைப் பெருக்கும் எண்களை, மட்டும் எடுத்து எழுதினால் பார்க்கலாம். 26க்கு 2, 2, 2. 41க்கு 2, 2, 1. 60க்கு 2, 2, 0. 83க்கு 2, 1, 5. 109க்கு 2, 1, 4. அகராதியில் சொற்களை ஒப்பிடுவதுபோல் இடமிருந்து ஒப்பிட்டால் இவை இறங்கிக்கொண்டே இருக்கின்றன. கடைசி எண் பூஜ்யமானதும் நடு எண்ணில் ஒன்று குறைகிறது, கடைசி எண் பெரிதாக எழும்பி மறுபடி ஒன்றொன்றாகக் கரைகிறது. இங்கே மூன்று இடங்கள்தான் என்பதால் சாதாரண எண்கணிதமே போதும். தொடக்க எண் பெரிதாகும்போது அடுக்கின் மேல் அடுக்காக உயரும். அப்போது எதை எதோடு ஒப்பிடுவது என்பதற்கே கணிதவியலாளர் கேன்டரின் முடிவிலி வரிசையெண்கள் (எல்லா முழு எண்களுக்கும் அப்பால் தொடரும் வரிசை எண்கள்) தேவைப்படுகின்றன. அவற்றில் இறங்கத் தொடங்கிய எதுவும் முடிவில்லாமல் இறங்க முடியாது. 1982இல் லாரி கிர்பியும் ஜெஃப் பாரிஸும் நிறுவியது இன்னும் ஒரு படி மேலே: எந்த ஒரு குறிப்பிட்ட தொடக்க எண்ணை எடுத்தாலும் அதன் வரிசை முடியும் என்பதைப் பியானோவின் எண்கணித விதிகளால் (முழு எண்களுக்கான அடிப்படை விதிகளால்) நிறுவலாம், எல்லாத் தொடக்க எண்களுக்கும் முடியும் என்ற ஒற்றை வாக்கியத்தை, அந்த விதிகள் முரணற்றவையாக இருக்கும் பட்சத்தில், அவற்றால் நிறுவ முடியாது.

3இலிருந்து தொடங்கினால் 3, 3, 3, 2, 1, 0 என்று ஒரு வரியில் முடிந்துவிடும். தாளில் போட்டுப் பாருங்கள். 4இன் வரிசையை யாரும் கடைசி வரை எழுதப்போவதில்லை. அதற்கு இந்தப் பிரபஞ்சத்தில் இடமும் இல்லை, நேரமும் இல்லை. அது பூஜ்யத்தைத் தொடும் என்று நான் உறுதியாகச் சொல்வது, யாரும் தொட்டுப் பார்த்ததால் அல்ல. அந்த மூன்று கெழுக்களும் இறங்குவதைப் பார்ப்பதால்தான்.